கல்லைக் கட்டிக்கொண்டு ஜெயித்தவன்

எகிப்து எகிப்து என்று ஒரு தேசம். மழையே எட்டிப் பார்க்காது, ஆனால் நடுவில் நைல் என்று ஒரு ஆறு, கடல் மாதிரி. அங்கே சாமிகளே ராஜாவாக இருந்த காலத்தில் ஒசைரிஸ் ராஜாவை அவன் தம்பி சேத் கொன்றுவிட்டு, சிம்மாசனத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டானாம். சேத் யார்? பாலைவனத்துச் சாமி. புழுதிக்காற்று அவன் கூப்பிட்டால் ஓடி வரும்.

ஒசைரிஸின் ராணி ஐசிஸ் கைக்குழந்தை ஹோரஸைத் தூக்கிக்கொண்டு, ஆறு கடலில் சேருகிற இடத்துக் கோரைப்புதருக்குள் ஒளிந்தாள். மீன்காரர்கள் போட்ட சோற்றைத் தின்று, அவர்கள் படகில் துடுப்புப் போட்டு, பிள்ளை வளர்ந்தான். வளர்ந்து, ஒருநாள் நேரே சாமிகள் சபைக்குப் போய் நின்றான்.

"என் அப்பா உட்கார்ந்த இடம். எனக்கு வேணும்."

பெரியவர், சூரியசாமி ரா, தாடியைத் தடவினார். "நான் யாருக்குன்னு சொன்னாலும் மத்தவன் ஒத்துக்கமாட்டான். போட்டி வச்சுக்குங்க."

சேத் சிரித்தான். "கோரைப்புதர்ப் பயலே, உனக்குத் தெரிஞ்ச படகிலேயே வர்றேன். இங்கேயிருந்து கடல் வரைக்கும். தோத்தவன் ஜெயிச்சவன் படகைக் கயித்துல கட்டி, கரையோட இங்கே வரைக்கும் இழுத்துட்டு வரணும். சிம்மாசனமும் ஜெயிச்சவனுக்கு. சரியா?"

"சரி சித்தப்பா."

மறுநாள் காலையில் அரண்மனைத் துறையில் இரண்டு கரையிலும் ஜனம் கூடிவிட்டது. ஹோரஸ் முதலில் என்ன செய்தான்? பாய்மரத்தைக் கழற்றிப் படகுக்குள் படுக்கப் போட்டான். சேத் சிரித்தான். "பாயைத் தூக்கக்கூட தெம்பில்லையா?"

"இருக்கட்டும் சித்தப்பா."

பிறகு கோரையைக் கட்டி ஒரு சின்னத் தெப்பம் செய்து, அதைப் படகுக்கு முன்னால் கயிற்றில் மிதக்கவிட்டான். சேத் சிரித்தான். "பொறந்த இடத்தையும் கூடவே எடுத்துட்டுப் போறியா?"

"இருக்கட்டும் சித்தப்பா."

பிறகு நடுவில் துளை போட்ட பெரிய கல் ஒன்றைக் கயிற்றில் கட்டிப் படகின் பின்னால் தண்ணீரில் இறக்கினான். சேத் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "பந்தயத்துக்கு வந்தவன் கல்லைக் கட்டிக்கிறான் பாருங்கடா!"

"இருக்கட்டும் சித்தப்பா. ஆனா நீங்க பாயை இறக்கிடுங்க. இது கடலுக்குப் போற வழி."

"எனக்கே சொல்றியா? என் பாலைவனத்து மலைமேல நின்னு ஆயிரம் படகு பார்த்திருக்கேன். பாய் விரிச்சதுதான் பறக்கும்."

பார்த்தான்தான். ஆனால் பாய் விரித்து அவன் பார்த்ததெல்லாம் கடலிலிருந்து மேலே வருகிற படகு! அந்த ஆற்றில் தண்ணீர் கடலைப் பார்த்து ஓடும், காற்று கடலிலிருந்து எதிரே வீசும். வரும்போது பாய், போகும்போது தண்ணீர். இது அங்கே நண்டு பிடிக்கிற பிள்ளைக்குக்கூடத் தெரியும். மலைமேல் இருந்தவனுக்கு எப்படித் தெரியும், சொல்லுங்கள்?

இரண்டு படகும் கிளம்பின. முன்னால் போன தெப்பத்தை நீரோட்டம் பிடித்து இழுக்க, பின்னால் கல் அடித்தரையில் உரசிக்கொண்டே படகைத் திரும்பவிடாமல் பிடிக்க, ஹோரஸ் கோடு போட்ட மாதிரி போனான். சேத்தின் பாய் உப்பியது, படகு பின்னால் போனது. துடுப்புப் போட்டான், அப்போதும் பின்னால்தான் போனது. கரையில் யாரோ, "ராஜா, அரண்மனைக்கா கிளம்பிட்டீங்க?" என்று கேட்டார்கள்.

அப்போதாவது பாயை இறக்கியிருக்கலாம். இத்தனை பேர் முன்னால் இறக்குவானா? தன் புழுதிக்காற்றைக் கூப்பிட்டான். அது பாலைவனத்திலிருந்து பக்கவாட்டில் வந்து பாயில் ஒரு அறை விட்டது. படகு குப்புறக் கவிழ்ந்தது. அதே காற்று ஹோரஸ் மேலும் அடித்தது. பிடித்துத் தள்ள அங்கே பாய் இல்லை, கல்லும் விடவில்லை.

நனைந்த தாடியோடு சேத் முகத்துவாரத்துக்கு நடந்து வந்தபோது ஹோரஸ் மீன் சுட்டுத் தின்றுகொண்டிருந்தான். சேத் கயிற்றைத் தோளில் போட்டான்.

"சித்தப்பா, கல்லை அவிழ்த்துடவா?"

சேத் திரும்பிப் பார்த்தான். "உன் தயவு எனக்கு வேண்டாம்."

"உங்க இஷ்டம்."

அரண்மனைத் துறைவரைக்கும் கல்லோடுதான் இழுத்தான். ஐசிஸ் கரையில் நின்று, பக்கத்தில் இருந்த தேவதைகளிடம், "கோரைப்புதர்ல வளர்ந்த பிள்ளை" என்று ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். ஹோரஸ் அந்தக் கல்லைத் தூக்கிக்கொண்டு போய்ச் சிம்மாசனத்துக்கு முதல் படியாகப் போட்டு, அதன் மேல் கால் வைத்து ஏறினான்.

அப்பன் இடம் பிள்ளைக்கு, கயிற்றுத் தழும்பு சித்தப்பனுக்கு, சுட்ட மீனில் மிச்சம் இருந்தால் நமக்கு.