ஆயிரத்தொன்பது இலை

முன்னொரு காலத்தில், இலை போடுவதற்குக்கூட ஆணை பிறப்பித்த ஒரு ராஜா இருந்தார். போன வருஷப் பிறந்தநாள் விருந்தில் கடைசி வரிசை பாதியில் நின்றுபோனது அவர் கண்ணை உறுத்திவிட்டது. இந்த வருஷம் எல்லா வரிசையிலும் இலைகள் சமமாக இருக்க வேண்டும், தவறினால் தலைமைச் சமையற்காரர் மாசிலாமணி நாட்டைவிட்டே போக வேண்டும் என்றார்.

விருந்தாளிகள் ஆயிரத்தெட்டுப் பேர். அமைச்சர் பூதலநாதருக்கோ தம் மைத்துனனைச் சமையற்கட்டுக்குத் தலைவனாக்கும் ஆசை. மொய் எழுதினால்கூட ஒன்று கூட்டித்தானே எழுதுகிறோம், ஆயிரத்தொன்பதாக இருக்கட்டுமே என்று பணிவாகச் சொன்னார். ராஜாவும் தலையாட்டிவிட்டார்.

மாசிலாமணி மூன்று நாள் புளியங்கொட்டைகளைப் பரப்பிப் பார்த்தார். இரண்டு, மூன்று, நான்கு, ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது, எதில் பிரித்தாலும் ஒன்று மிஞ்சியது. ஐந்தில் பிரித்தால் நான்கு. அரண்மனை விகடகவி வேம்பனும் கூட உட்கார்ந்தான். கூட்டலிலேயே தகராறு பண்ணுகிறவன் அவன். ஆனாலும் முப்பத்தொன்று வரை பார்த்துவிட்டான்.

"இதற்கு மேல் வேண்டாம், அண்ணாச்சி. பெரிய எண்ணில் வகுபட்டால் அதன் ஜோடி சின்ன எண்ணாக இருக்கும். சின்னதையெல்லாம் பார்த்தாயிற்று. இது எவனுக்கும் மசியாத எண்."

மாசிலாமணி தம் கரண்டிகளைத் துணியில் கட்டத் தொடங்கினார். வேம்பனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருபது வருஷம் ஊருக்கே சோறு போட்ட மனுஷன், ஓர் இலைக்காக ஊரைவிட்டுப் போவதா? கரண்டி மூட்டையைப் பிடுங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டான்.

விருந்தன்று ராஜா வந்து பார்த்தால், ராஜவீதி நெடுக விருந்தாளிகள் ஒருவர் முதுகைப் பார்த்து ஒருவர் உட்கார்ந்திருந்தார்கள்.

"இது என்ன கூத்து?" என்றார் பூதலநாதர்.

"ஆயிரத்தொன்பது வரிசை, அமைச்சரே. வரிசைக்கு ஓர் இலை, எல்லாம் சமம். ஒரு வரிசைக்கு எத்தனை இலை என்று ஆணையில் இல்லை." வேம்பன் ராஜா பக்கம் திரும்பினான். "மகாராஜா, வகுபடாத எண்ணைக் கையில் கொடுத்துவிட்டு, வகுக்கத் தெரியவில்லை என்று ஒருவரைத் துரத்துவது எந்த ஊர் வழக்கம்?"

வழக்கம் என்ற சொல் ராஜாவுக்கு ஒன்றை ஞாபகப்படுத்தியது. ஒவ்வொரு வரிசையிலும் முதல் இலைக்காரருக்கு அமைச்சர்தாம் கைகழுவ நீர் வார்க்க வேண்டும். அது அரண்மனை முறை.

"பூதலநாதரே, இன்று எல்லாருமே முதல் இலைக்காரர்கள். செம்பை எடும்."

முந்நூறாவது கையில் அமைச்சருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. மைத்துனன் விஷயத்தை அவரே கக்கிவிட்டார். ராஜா கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். ஆணையை ரத்து செய்து, மாசிலாமணிக்குப் பொன்னாடை போர்த்தி, வேம்பன் கழுத்தில் முத்துமாலையைப் போட்டார்.

மாலையும் கழுத்துமாகச் சமையற்கட்டுக்கு ஓடினான் வேம்பன். அண்டாக்கள் எல்லாம் காலி. முத்தைக் கடித்தா பசியாறுவது என்று அவன் கத்திக்கொண்டிருக்க, மாசிலாமணி பொன்னாடையை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு அவனுக்கென்று தனியாக அடுப்பை மூட்டினார்.