ஆளவந்தாரின் வயசு

போன பங்குனியில் என் மகள் சுகந்தி சொன்னது இது. அவள் ஆபீசில் பைத்தான் என்கிற கணினி மொழியில் எழுதிய, வரன் பார்க்கும் இணையதளம் ஒன்று நடத்துகிறார்கள். ஐம்பத்திரண்டு வயசு முதலாளி ஆளவந்தாரும் அதில் பெண் தேடினார்.

“டேட்டாபேஸில் நிஜ வயசு இருக்கட்டும். வெளியே காட்டும்போது பத்து குறையணும்,” என்றார், புதிதாகச் சேர்ந்த புரோகிராமர் செண்பகத்திடம்.

“திரும்ப சேமிக்கும்போது அந்தப் பத்தைக் கூட்டணும் சார்.”

“என் வயசைக் கூட்டினா உன் வேலை போயிடும்!”

அவள் கூட்டவில்லை. அவர் போட்டோவை மாற்றி மாற்றி நாலு தடவை சேமித்தார். ஒவ்வொரு தடவையும் குறைந்த வயசே உள்ளே போய், வெளியே வரும்போது இன்னொரு பத்து குறைந்தது. பெண் வீட்டார் ஆபீசுக்கே வந்து உட்கார்ந்து தளத்தைப் பார்த்தால், மாப்பிள்ளைக்கு வயசு ரெண்டு!

“பால்குடி மறந்தாச்சா?” என்றார் பெண்ணின் அப்பா.

“இப்பவே சரிபண்ணு, இல்லே வெளியே போ!” என்று முதலாளி செண்பகத்திடம் குதித்தார்.

“இதோ சார். நிஜ வயசு அழிஞ்சுபோச்சு. இவங்க முன்னாடி ஒரு தடவை சொல்லுங்க, போட்டுடறேன்.”

அவர் இன்றுவரை சொல்லவில்லை. வயசைச் சொல்லாமல், சரிபண்ணவில்லை என்று அவளை எப்படி வெளியே அனுப்புவது!

சாமி கும்பிடும்போது செண்பகத்துக்காகவும் ஒரு வார்த்தை வேண்டிக்கொள்ளுங்கள்.