முதல் இலை யாருக்கு?

சாத்தூரில் ஒரு மெஸ். அங்கே ஒரு வழக்கம் உண்டு. அன்றைக்குக் கறி கொண்டுவந்தவர் முதல் இலையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும்; அப்புறம்தான் மற்றவர்களுக்கு இலை விழும்.

ஒரு நாள் கஜபதி என்ற கம்பெனி முதலாளி காரில் வந்து இறங்கினார். ஆடே இல்லாமல், செல்லிலிருந்து தொட்டியில் கறி வளர்க்கிறவர். மெஸ்காரரிடம் ஒரு டப்பாவை நீட்டினார். சாப்பிட வந்தவர்கள் அந்த டப்பாவையே முறைத்தார்கள்.

"ஆட்டுக்கறிக்கும் இதுக்கும் எவனாலயும் வித்தியாசம் சொல்ல முடியாது. சொல்லிட்டா நான் போயிடறேன். முடியலைன்னா நாளையிலேருந்து ஆட்டுக்கறிக்குப் பதிலா இதையே போடணும்."

பாதி விலை என்றதும் மெஸ்காரர் தலையாட்டிவிட்டார். கறி கழுவும் மூக்கம்மா டப்பாவை வாங்கிக்கொண்டாள்.

"கொழம்பு வச்சு ரெண்டு கிண்ணத்துல கொண்டாரேன்யா. கண்டுபிடிக்க நம்மகிட்ட ஆள் இருக்கு."

குழம்பு கொதித்து இறங்கியதும் இரண்டு கிண்ணங்களோடு வந்தாள். கஜபதி முன்னால் இலையை விரித்து, பக்கத்தில் இரண்டையும் வைத்தாள்.

"கறி கொண்டாந்தவுக நீங்கதான. சாப்பிடுங்கய்யா."

கஜபதியின் கை கிண்ணம் வரைக்கும் போய் நின்றுவிட்டது. மெஸ்காரரைக் கிட்டே கூப்பிட்டு, "இதுல ஆட்டுக்கறி எது?" என்று கிசுகிசுத்தார். அது எல்லார் காதிலும் விழுந்தது.

"வித்தியாசமே இல்லைன்னீக," என்றாள் மூக்கம்மா. "பெறகு எதுக்குய்யா கேக்கீக?"

கஜபதி எதையும் தொடாமல் இலையை மூடிவிட்டு எழுந்தார்.

"ரெண்டும் ஆட்டுக்கறிதான்யா. உங்க டப்பாவை நான் பிரிக்கவே இல்ல. அடுப்படியில இருக்கு, மறக்காம எடுத்துட்டுப் போங்க."