விரலில் பூசிய மஞ்சள்

பவானி ஆற்றங்கரையில் வேலாத்தாள் நடத்திய வைத்தியசாலைக்கு, தலை நரைத்த பிறகு பாடம் கேட்க வந்தவர் சென்னியப்பன். குருவைவிடப் பத்து வயது மூத்தவர். லாரி ஓட்டிய காலத்துப் பிடிவாதம் இன்னும் அவரை விட்டு இறங்கவில்லை.

அவருக்கு முழங்கையில் படர்தாமரை வந்தது. பச்சை மஞ்சளை வேப்பிலையோடு அரைத்துக் காலையும் மாலையும் பூசினார். அவர் அரைத்துக் கொடுத்த அதே மருந்தில் ஊராருக்கெல்லாம் குணமானது. அவருக்கு மட்டும் முழங்கையிலிருந்து தோளுக்கு ஏறியது.

அன்று காலை ஒரு தாய், சிரங்கு வந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். சென்னியப்பன் மருந்தோடு கையை நீட்டினார். அந்தக் கையைப் பார்த்ததும் அவள் குழந்தையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"நீங்க பூச வேண்டாமுங்க. அம்மா வரட்டும்."

அவமானம் தாங்கவில்லை. துணிமணிகளை மூட்டை கட்டிக்கொண்டு குருவின் முன்னால் வந்து நின்றார்.

"நான் ஊருக்குப் போறனுங்கம்மா. சொந்தத் தோலையே சரி பண்ணத் தெரியாதவனுக்கு வைத்தியம் எதுக்குங்க?"

"சொறிஞ்சீங்களாண்ணா?" என்று கேட்டாள் வேலாத்தாள்.

"சத்தியமா இல்லீங்க. கூடாதுன்னு நீங்க சொன்னதுல இருந்து கை வெச்சதில்லை. உயிர் போனாலும் சொறியறதில்லைன்னு வைராக்கியமா இருக்கறேன்."

அவர் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தார், பாவம்.

வேலாத்தாள் மஞ்சளை அரைத்து வேப்பெண்ணெயில் குழைத்தாள். அவருடைய பத்து விரல் நுனிகளிலும் பூசினாள்.

"புண்ணு இங்கே இருக்குதுங்க," என்று அவர் தோளைக் காட்டினார்.

"தெரியுதுங்க. முற்றத்துல வேப்பம்பூ காயுது. சட்டையைக் கழட்டிட்டு, ஆடு வாய் வைக்காம சாயங்காலம் வரைக்கும் பாத்துக்குங்க. விரல்ல மஞ்சள் காஞ்சா இந்தக் கிண்ணத்துல மறுபடி தொட்டுக்குங்க. அப்புறம் போலாம்."

போகிற நாளில் ஆட்டுக்குக் காவலா என்று அவருக்கு எரிச்சல். ஆனாலும் போய் உட்கார்ந்தார். இந்த ஒரு நாளும் சொறியாமல் இருந்து காட்டிவிடுவது என்று பல்லைக் கடித்துக்கொண்டார். பொழுது நகரவில்லை. அந்தத் தாயை நினைத்தார். அவள் குழந்தையை வெடுக்கென்று இழுத்ததை நினைத்தார். நினைக்க நினைக்க ஆத்திரம் வந்தது. ஆடு ஒன்றும் வரவில்லை.

வெயில் தாழ்ந்ததும் வேலாத்தாள் ஒரு கண்ணாடியைக் கொண்டுவந்து எதிரில் பிடித்தாள்.

தோளெல்லாம் மஞ்சள் கீற்று. கழுத்தில் மஞ்சள். மார்பில் மஞ்சள். படர்தாமரை இன்னும் எட்டாத இடுப்பில்கூட நாலு விரல் இழுத்த தடம்.

சென்னியப்பன் அந்தத் தடத்தின்மேல் தன் நாலு விரலை வைத்துப் பார்த்தார்.

"இதெல்லாம் நானுங்களா?"

"இங்கே வேற யாரும் வரலீங்களே."

"அப்போ இத்தனை நாளும் மருந்து..."

"மருந்து அது வேலையைப் பாத்துச்சு. நீங்க உங்க வேலையைப் பாத்தீங்க."

அவர் முகம் சிறுத்துப் போனது. மூட்டையை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"யாரும் என்னைப் பாக்காத இடமாப் போயிடறனுங்கம்மா. நல்லா குணமாயிட்டுத்தான் இந்த வாசல்ல காலெடுத்து வைப்பேன். இது உறுதி."

"தாராளமாப் போங்க," என்றாள் வேலாத்தாள். "அந்தப் பத்து விரலை மட்டும் இங்கே வெச்சுட்டுப் போங்க."