பத்து டம்ளர், பத்து டவரா

குருவுக்கு முப்பத்துநான்கு வயது. சீடருக்கு ஐம்பத்தைந்து.

இதில் சிரிக்க ஒன்றுமில்லை. தெரிந்தவர் முன்னால் தெரியாதவர் போய் உட்கார்ந்தால் நாலு விஷயம் தெரியவரும். பிறந்த தேதியைப் பார்த்துக்கொண்டு நின்றால் பிறந்தநாள் கேக் மட்டும்தான் மிச்சம்.

சீடரின் பெயர் ஆறுமுகநயினார். தெற்கே ஒரு சின்ன நகராட்சியில் சுகாதார ஆய்வாளர். மாடித் தொட்டி, தேங்காய்ச் சிரட்டை, பழைய டயர் என்று தண்ணீர் தேங்கும் எதையும் குனிந்து பார்க்காமல் விடமாட்டார். அவர் தெருமுனையில் சைக்கிளை நிறுத்தினாலே பெண்கள் வாளியைக் கவிழ்த்துவிடுவார்கள்.

குரு பெர்னதெத் டீச்சர். மகளிர் கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறார். சனிக்கிழமை காலையில், வீட்டுச் சாப்பாட்டு மேசையில், தேடி வருகிறவர்களுக்குச் சும்மாவே சொல்லிக்கொடுப்பார். சும்மா என்பதால் திட்டும் சேர்த்தே கிடைக்கும்.

அது ஏழாவது சனிக்கிழமை. நவம்பர் தொடக்கம். வெளியே மூன்று வாரமாக மழை விட்டபாடில்லை. நயினார் ரெயின்கோட்டைக் கழற்றக்கூட இல்லை, லேப்டாப்பைத் திறந்துவிட்டார்.

"டீச்சர், ஒரே ஒரு கேள்வி."

"கேளுங்க. அடுப்புல குக்கர் இருக்கு."

"மழைக்கும் காய்ச்சலுக்கும் சம்பந்தம் உண்டா, இல்லையா?"

"முப்பது வருஷமா கொசு பின்னாடி ஓடறது நீங்க. நீங்க சொல்லுங்க."

"உண்டுன்னு நான் சொல்லுதேன். இல்லைன்னு இது சொல்லுது."

லேப்டாப்பைத் தள்ளிவிட்டார், கெட்டுப்போன சோற்றைத் தள்ளுவது போல.

அவருடைய அவசரத்துக்குக் காரணம் இருந்தது. திங்கட்கிழமை கமிஷனர் முன்னால் கூட்டம். தேங்கிய தண்ணீரில் கொசுப்புழு மருந்து ஊற்ற இருப்பது பன்னிரண்டு ஆட்கள். மருந்து ஒரே ஒரு சுற்றுக்கு. அவர்களை எப்போது தெருவில் இறக்குவது என்பதுதான் பேச்சு. கமிஷனர் இப்போதே சொல்லிவிட்டார், "காய்ச்சல் வரட்டும் நயினார், இறக்கிருவோம்."

போன வருடமும் அப்படித்தான் இறக்கினார்கள். பதினோராவது வார்டில் இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று டெங்குவில் போய்விட்டது. மறுநாள் நயினார் ஆட்களோடு அந்த வீட்டுத் தொட்டியை மூடப் போனார். அந்தத் தாய் அழவும் இல்லை, ஏசவும் இல்லை. "கொஞ்சம் முந்தி வந்திருக்கக் கூடாதா சார்?" என்று மட்டும் கேட்டாள்.

கொஞ்சம் என்றால் எவ்வளவு? ஒரு வாரமா, மூன்றா, ஐந்தா? அலுவலக மாடியில் அவரே அளந்து எழுதிய ஆறு வருட மழைக் கணக்கு இருந்தது. ஆஸ்பத்திரியில் கெஞ்சி வாங்கிய ஆறு வருடக் காய்ச்சல் கணக்கும் இருந்தது. இரண்டும் வாரவாரம் எழுதியவை. பதில் அதற்குள்ளேதான் இருக்க வேண்டும்.

டீச்சர் திரையைப் பார்த்தார்.

"இது என்ன?"

"மழை, டீச்சர். கூடவே காய்ச்சல். வரைபடம்."

"மழையா? ரம்பத்துப் பல்லு மாதிரில்லா இருக்கு. உங்க ஊர்ல ஒரு வாரம் வெள்ளம், மறுவாரம் அக்கினி நட்சத்திரம், அதுக்கு மறுவாரம் திரும்ப வெள்ளமா?"

"அப்படியெல்லாம் இல்லையே."

"பள்ளிக்கூடத்துல அசெம்பிளிக்கு எப்படி நிக்க வைப்பாங்க?"

"உயரப்படி."

"அட்டெண்டன்ஸ்?"

"பேர் வரிசைப்படி."

"இது உங்க தேதியை அட்டெண்டன்ஸ் எடுத்திருக்கு. இது தேதின்னு நீங்க சொல்லவே இல்லை. வெறும் எழுத்துன்னு நினைச்சுக்கிட்டு, ஒண்ணாந்தேதி எல்லாத்தையும் ஒரு பக்கம் ஒதுக்கிருச்சு, ரெண்டாந்தேதி எல்லாத்தையும் இன்னொரு பக்கம். எந்த மாசம், எந்த வருஷம்னு அதுக்கு என்ன கவலை? தேதின்னு சொல்லுங்க."

நயினார் ஒற்றை விரலால் தட்டித் தட்டிச் சொன்னார். ரம்பம் மறைந்தது. ஆறு மேடுகள் எழுந்தன, வருடத்துக்கு ஒன்று. ஒவ்வொரு மழை மேட்டுக்கும் வலப்பக்கம், கொஞ்சம் தள்ளி, காய்ச்சல் மேடு ஒன்று.

"தெரியுதே டீச்சர்! கண்ணுக்கே தெரியுதே!"

"கமிஷனர் உங்க கண்ணை நம்புவாரா?"

நயினார் உட்கார்ந்துவிட்டார். "மாட்டார். எத்தனை வாரம்னு கேப்பார்."

"அப்போ எண் வேணும்."

"அங்கதான டீச்சர் மாட்டிக்கிட்டு முழிக்கேன்."

எத்தனை வாரம் தள்ளிப் பார்ப்பது என்பதற்கு அந்த மென்பொருளில் லேக் என்று பெயர். வீட்டில் ராத்திரி பகலாக அதைத்தான் அவர் போட்டுப் பார்த்தார். மழையை ஒரு வாரம் தள்ளினார். மழையும் காய்ச்சலும் எவ்வளவு சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்று சொல்லும் ஒட்டுறவு எண்ணைக் கேட்டார்; ஒன்று என்றால் முழுச் சேர்த்தி, பூஜ்யம் என்றால் சம்பந்தமே இல்லை. 0.11 என்றது. இரண்டு வாரம். 0.11. மூன்று, நான்கு, ஐந்து, எல்லாம் 0.11. கோபத்தில் தொண்ணூறு வாரம் தள்ளினார். அதற்கும் 0.11.

"எதைக் கேட்டாலும் 'பாக்கலாம் சார்'னு ஒரே பதில் சொல்ற ஆள் உங்க ஆபீஸ்ல உண்டா?" என்றார் டீச்சர்.

"நிறைய."

"இதுவும் அந்த ஜாதிதான். உங்க கேள்வி அது காதுல விழவே இல்லை."

குக்கர் விசிலடித்தது. டீச்சர் எழுந்து போனார். அடுப்பை அணைக்கப் போனவர், கிறிஸ்துமஸுக்கு மட்டும் வெளியே வரும் டம்ளர் டவரா செட்டோடு திரும்பினார். பத்து டம்ளரை மேசையில் ஒரு வரிசையாக வைத்தார். அதற்குக் கீழே பத்து டவராவை இன்னொரு வரிசையாக வைத்தார்.

"கடைசிப் பத்து வாரத்து மழை எவ்வளவு? படிங்க."

நயினார் படித்தார். டீச்சர் செம்பிலிருந்து ஒவ்வொரு டம்ளரிலும் அந்த அளவுக்குத் தண்ணீர் ஊற்றினார். நான்காவது டம்ளர், அதுதான் செப்டம்பரில் அடித்த புயல் மழை, விளிம்புவரை வந்தது. கடைசி மூன்றும் ஏறக்குறைய அப்படியே.

"தண்ணியைத் திறந்து வச்சிருக்கேன். அபராதம் போட்டுராதீங்க."

"சாயங்காலத்துக்குள்ள கவிழ்த்திருங்க டீச்சர்," என்றார் நயினார். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

பிறகு ஒரு பாட்டில் புளியங்கொட்டை வந்தது. ஒரு காய்ச்சல்காரருக்கு ஒரு கொட்டை. அந்தந்த வாரத்து டவராவில் எண்ணிப் போட்டார்கள். ஏழாவது டவராவில் பதினான்கு. மற்றதில் எல்லாம் ஒன்று, இரண்டு. எந்த வாரம் என்று சீட்டெழுதி எல்லாவற்றுக்கும் முன்னால் ஒட்டினார்கள்.

"இப்போ மழையை மூணு வாரம் தள்ளுங்க. கம்ப்யூட்டர் எப்படித் தள்ளுச்சோ அப்படி."

"அது எப்படித் தள்ளுச்சுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"நான் சொல்றேன். டம்ளர்ல கை வைக்காதீங்க. சீட்டை மட்டும் உரிச்சு எடுங்க. முதல் வாரச் சீட்டுக்குப் பதிலா நாலாவது வாரம்னு எழுதி ஒட்டுங்க. அதுக்கு அடுத்தது அஞ்சாவது வாரம். அப்படியே போங்க."

பத்துச் சீட்டையும் மாற்றி முடிக்க அவருக்கு நேரம் பிடித்தது. பசை விரலெல்லாம் ஒட்டியது. டீச்சர் பொறுமை இல்லாமல் மேசையில் தாளம் போட்டார்.

"ஆச்சா? இப்போ ஒட்டுறவு பாருங்க. முதல் டம்ளருக்கு முதல் டவரா. ரெண்டாவதுக்கு ரெண்டாவது. சீட்டைப் படிக்கக் கூடாது. அது படிக்கிறதில்லை."

நயினார் விரலை வைத்துக்கொண்டே போனார். நிரம்பிய டம்ளருக்குக் கீழே இரண்டு கொட்டை. பதினான்கு கொட்டைக்கு மேலே கால் டம்ளர் தண்ணீர். எல்லாம் முதலில் இருந்தபடியே இருந்தது.

"ஒண்ணுமே மாறலையே டீச்சர்."

"எது மாறுச்சு?"

"சீட்டு."

"எது நகரல?"

நயினார் நெற்றியில் அடித்துக்கொண்டார். பசை நெற்றியிலும் ஒட்டியது.

"தொண்ணூறு வாரம் தள்ளினேன்! தொண்ணூறு வாரமும் சீட்டைத்தான் மாத்தினேனா?"

"சீட்டை மறந்துருங்க. இப்போ டம்ளரை நகர்த்துங்க."

அவசரத்தில் பத்து டம்ளரையும் மூன்று இடம் இடப்பக்கமாக நகர்த்தினார். டீச்சர் இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முதல் வாரத்துக் காய்ச்சலுக்கு மேல எந்த மழை நிக்கி?"

"நாலாவது வாரத்து மழை."

"அதாவது, ஒண்ணு ரெண்டு பேருக்குக் காய்ச்சல் அடிச்சதைப் பாத்து மனசு கேக்காம வானம் பெஞ்சுது. கமிஷனர்ட்ட இதைச் சொல்லுங்க, பொன்னாடை போத்துவார்."

"ஐயோ, அந்தப் பக்கம்."

"அந்தப் பக்கம்தான். கம்ப்யூட்டர்லயும் மூணுன்னா ஒரு பக்கம், மைனஸ் மூணுன்னா மறுபக்கம். எது எந்தப் பக்கம்னு போட்டுப் பாக்காம நம்பக் கூடாது."

வலப்பக்கம் நகர்த்த மேசை போதவில்லை. டீச்சர் சமையலறை ஸ்டூலைக் காலால் இழுத்துப் பக்கத்தில் போட்டார். கடைசி மூன்று டம்ளர்கள் ஸ்டூலுக்குப் போயின. மற்றவை ஒவ்வொன்றாக நகர்ந்தன. நிரம்பிய நான்காவது டம்ளர் தளும்பிக்கொண்டே போய், ஏழாவது டவராவுக்கு நேர் மேலே நின்றது.

அந்த டவராவில்தான் பதினான்கு கொட்டை இருந்தது.

நயினார் கையை எடுத்தார். நான்கிலிருந்து ஏழுவரை விரலால் எண்ணினார். மறுபடி எண்ணினார்.

"மூணு," என்றார். "கொஞ்சம்னா மூணு வாரம்."

அவர் யாருக்குப் பதில் சொல்கிறார் என்று டீச்சர் கேட்கவில்லை. லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பிவைத்தார்.

"ஒரு மேடு வச்சு முடிவு கட்டாதீங்க. ஆறு மேட்டையும் கேளுங்க. தேதிப்படி ரெண்டையும் முதல்ல ஒரே அட்டவணையில சேர்த்துக் கட்டுங்க. எந்த மழை எந்தக் காய்ச்சலோட நிக்கிங்கறதை உங்க கண்ணால பாருங்க. அப்புறம் ஒட்டுறவைக் கேளுங்க."

நயினார் கட்டினார். ஒரு வாரம் தள்ளினார். 0.29. இரண்டு, 0.54. மூன்று, 0.81. நான்கு, 0.60. அவர் கேட்ட கேள்விக்கு அந்த இயந்திரம் முதல் தடவையாகத் தகுந்த பதில் சொன்னது. அவர் ரெயின்கோட்டை அப்போதுதான் கழற்றினார். டீச்சர் கொண்டுவந்து வைத்த காபியை ஆறவிடாமல் குடித்தார்.

காபி முடிந்ததும் மூன்று வார அட்டவணையை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை ஓட்டிப் பார்த்தார். முகம் மறுபடி சுருங்கிவிட்டது.

"டீச்சர், இதுல ஓட்டை விழுந்திருக்கு. மேல மூணு வரிசையில காய்ச்சல் இருக்கு, மழை இல்லை."

"அது ஆறு வருஷத்துக்கு முந்தின மழை. நீங்க அளக்கவே ஆரம்பிக்கலை. போனது போச்சு, அழிச்சிருங்க."

"கீழயும் மூணு. மழை இருக்கு, காய்ச்சல் இல்லை. காலியா நிக்கி. அதையும் அழிச்சிரட்டுமா? பாக்க நல்லா இருக்கணுமே கமிஷனருக்கு."

டீச்சர் உள்ளே போனார். அலமாரியில் தட்டுமுட்டுச் சத்தம் கேட்டது. ஜோடி சேராத இரண்டு டவராவோடு வந்தார். செட் பத்தோடு சரி. மூன்றாவதுக்கு, நயினார் காபி குடித்த டவராவை எடுத்துக் கழுவி, புடவைத் தலைப்பால் துடைத்தார். மூன்றையும் ஸ்டூலில் வைத்தார், விளிம்புவரை நின்ற அந்த மூன்று டம்ளர்களுக்குக் கீழே.

நயினார் ஸ்டூலைப் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே மழையைப் பார்த்தார். பிறகு பாட்டிலில் கைவிட்டு ஒரு பிடி புளியங்கொட்டை எடுத்தார்.

முதல் டவராவில் பதினொன்று எண்ணிப் போட்டார்.

"இது அடுத்த வாரம். அந்த மழைத் தண்ணியில பொரிச்ச புழு இந்நேரம் கொசுவாகியிருக்கும். நாளைக்கே மருந்தோட இறங்கினாலும் பதினொண்ணு பன்னெண்டு பேருக்கு வந்துரும்."

யோசித்து, இன்னொரு கொட்டை போட்டார். அவருக்குத் தெரிந்த வித்தை அது.

இரண்டாவது டவராவுக்கு மேல் அவர் கை நின்றுவிட்டது. மூன்றாவதற்குப் போய், திரும்ப இரண்டாவதற்கே வந்தது. கைக்குள் கொட்டைகள் ஒன்றோடொன்று உரசின.

"இந்த ரெண்டுலயும் எத்தனை போடணும் டீச்சர்?"

"என்னைக் கேட்டா? ஆளை எப்போ இறக்கறீங்கங்கறதைப் பொறுத்தது அது. திங்கக்கிழமை அங்க போறது நீங்களா, நானா?"