வைகாசி ஒன்பதுக்கு ஓலை இல்லை

ரொம்பக் காலத்துக்கு முன்னால, மலையடிவாரச் சீமை ஒண்ணை செந்தட்டி ராசா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான், பெருமை மட்டும் கொஞ்சம் தூக்கல். தினமும் சபை கூடினதும், முந்தின வருஷங்களில் அதே தேதியில் நடந்த பெரிய சங்கதியை ஓலையில் பார்த்து வாசிக்கணும். எல்லாம் அவர் புகழ்தான், வேற என்ன.

வைகாசி ஒன்பதுக்கு மட்டும் ஓலையே இல்லை. ராசா முகம் சுருங்கிப்போச்சு.

"இந்தத் தேதியில நடந்ததைச் சொல்றவங்க கேட்டதைத் தருவேன். பொய் சொன்னா நாட்டை விட்டே அனுப்புவேன்" என்றார்.

படைத்தலைவன் உக்கிரவீரன் முந்திக்கிட்டான். ராசாவைக் குளிர்விக்க அவனை விட்டா ஆள் ஏது?

"பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால இதே நாள்தான் பிரபு, கருவேலங்கோட்டையைப் பிடிச்சோம். அன்னிக்கே போர் முடிஞ்சுது."

கூட்டத்திலிருந்து கூடை முடையற பேச்சியம்மை எழுந்தாள். "அன்னிக்குக் காலையிலதான் மகாராசா, எங்க வீட்டுக்காரர் மாடக்கண்ணு அந்தப் படையோட போனார். மொளகா வத்தல் காயுது, மழை வந்தா எடுத்து வையின்னு சொல்லிட்டுப் போனவர், இன்னும் வரல."

"வத்தல் காய்ஞ்சதெல்லாம் சரித்திரமா?" என்றான் உக்கிரவீரன். சபை சிரிச்சுது.

"சிரிங்க ஐயா. வாசல்ல காலடிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவர்தானோன்னு ஓடிப் பாத்தே எனக்கு வயசாயிட்டுது. அவரைப் பாக்கணும்போல இருக்கு, அவ்வளவுதான். படைத்தலைவரே, வருஷாவருஷம் உங்ககிட்டதான் வந்து கேட்டேன். போர் முடியல, முடிஞ்சா அனுப்புறேன்னீங்க. அன்னிக்கே முடிஞ்சுதுன்னா அவர் ஏன் இன்னும் அங்க இருக்கார்? முடியலேன்னா, மகாராசாகிட்ட இப்பச் சொன்னது என்ன?"

சிரிப்பு அடங்கிப்போச்சு. ராசா உக்கிரவீரன் பக்கம் திரும்பினார்.

"எது பொய்யானாலும் நீர் கிளம்ப வேண்டியதுதான்" என்றார் ராசா. "அந்த எல்லைக் கோட்டைக்கே போய்க் காவல் இரும். அங்க இருக்கிறவங்க அத்தனை பேரையும் வீட்டுக்கு அனுப்பும்." பிறகு பேச்சியம்மையைப் பார்த்துச் சொன்னார்: "என் புகழை ஓயாம வாசிக்கச் சொன்னேன். போனவங்க திரும்பினாங்களான்னு நான் ஒருநாளும் கேக்கல."

பிறகு ஓலை வாசிப்பவரிடம், "பேச்சியம்மை ஜெயிச்ச நாள்னு எழுதும்" என்றார்.

"வேண்டாம் மகாராசா" என்றாள் அவள். "அவர் வந்து வாசப்படி ஏறட்டும். அந்தத் தேதியில எழுதுங்க."

மாடக்கண்ணு ஆனி இருபத்திரண்டாம் நாள் வீடு வந்து சேர்ந்தான். அது ராசா முடிசூடிய தேதி. அடுத்த வருஷம் அந்த நாளில் எதை முதலில் வாசிக்கிறதுன்னு தெரியாம ஓலை வாசிப்பவர் முழிச்சார்.

ராசாவே சொன்னார்: "மாடக்கண்ணு வந்ததை முதல்ல வாசியும். நான் முடிசூடணும்னு யாரும் பன்னிரண்டு வருஷம் வாசல்ல காத்து நிக்கல."