டம்ளர் தொடங்கிய அமைப்பு

ஒரு மாணவர் விடுதியின் கொல்லைப்புறத்தில் குழாய் ஒன்று மாதக்கணக்கில் சொட்டிக்கொண்டிருந்தது. "இப்படியே போனா ஞாயித்துக்கிழமையைத் தாண்ட மாட்டேம்பா" என்று மொட்டைமாடித் தொட்டி கையை விரித்துவிட்டது.

இளவட்டப் பாத்திரங்கள் பொங்கி எழுந்தன. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, எல்லாம் நல்ல மனசுதான். ஆனால் ஒன்று தொடங்கிய அமைப்பில் இன்னொன்று சேரவில்லை. வாளி 'துளிக்கரம்' தொடங்கியது. அண்டா 'நீர்நேசம்' தொடங்கியது. சோப்பு டப்பாகூட நிறுவனர் ஆகிவிட்டது. உறுப்பினர்தான் ஒருவருக்கும் கிடைக்கவில்லை.

சின்ன எவர்சில்வர் டம்ளரையும் ஆசை விடவில்லை. புதன்கிழமை 'ஈரம்' என்று ஓர் அமைப்புக்குப் பெயர் சூட்டி, முதுகில் ஸ்டிக்கரும் ஒட்டிக்கொண்டது. 'நிறுவனர்' என்று யாராவது கூப்பிட்டால் அதற்கு உள்ளம் குளிர்ந்துபோகும்.

சொட்டுப் பிடிக்கப் போன இடத்தில் அது குழாயிடம் ஒரு வார்த்தை கேட்டது. "அக்கா, உங்களுக்கு எங்க வலிக்குது?"

குழாய் திகைத்துப்போனது. "என் காலடியில எத்தனை கூட்டம் போட்டீங்க! இதை இன்னிக்குத்தான்பா ஒருத்தன் கேக்கறான். உள்ள வாஷர் தேஞ்சுபோச்சு. அவ்வளவுதான்."

டம்ளருக்குப் பகீரென்றது. வாஷரை மாற்றினால் சொட்டு நிற்கும். சொட்டு நின்றால் 'ஈரம்' எதற்கு? ஸ்டிக்கரின் பசைகூட இன்னும் காயவில்லையே! மறுநாள் முழுக்க அது ஸ்டிக்கரைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தது. மேலே தொட்டி வறட்டு இருமல் இருமிக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் டம்ளர் போய்க் கருவிப்பெட்டியைத் தட்டியது. புது வாஷரும் ஸ்பேனரும் சோம்பல் முறித்து எழுந்துவந்தன.

"யாராவது கூப்பிட மாட்டாங்களான்னுதான் உக்காந்திருந்தோம்" என்றது ஸ்பேனர்.

பத்து நிமிஷ வேலை. சொட்டு நின்றது. தொட்டி நிம்மதியாக மூச்சுவிட்டது.

வாளி பதறி ஓடிவந்தது. "அடப்பாவி! அடுத்த வாரம் எனக்குச் சொட்டு விழிப்புணர்வு வாரம்டா! சிறப்பு விருந்தினரைக்கூடக் கூப்பிட்டாச்சு!" பிறகு டம்ளரின் முதுகைப் பார்த்து இரக்கப்பட்டது. "உன் பாடுதான் பாவம். ரெண்டே நாள்ல கடையை மூடற மாதிரி ஆயிடுச்சே."

டம்ளர் ஸ்டிக்கரை மெல்ல உரித்தது. கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது. "ஆமாண்ணே. வேலை முடிஞ்சுபோச்சு."

வாளிக்கு அது விளங்கவில்லை. தன் அமைப்பின் விதிமுறைகளை இரண்டு முறை புரட்டிப் பார்த்தது. வேலை முடிந்தால் என்ன செய்வது என்று அதில் எங்குமே எழுதியிருக்கவில்லை.